முழுசா சொன்னாங்களா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பெரும்பகுதி நான் கண்ணால் பார்த்தது. கொஞ்சம் என் அம்மா சொன்னது, கொஞ்சம் என் அண்ணன் சொன்னது. அம்மாவுக்கு ஞாபகசக்தி கெட்டி. அண்ணன் நல்லவன்தான், ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவன் வாயிலிருந்து வருகிற எதையும் நம்பக்கூடாது. இப்படி ஆளாளுக்கு எடைபோட்டுச் சொல்லாமல் கதையை ஆரம்பித்தால், இந்தக் கதையில் வருகிற என் சிநேகிதிக்குப் பிடிக்காது. இப்போது ஓமானில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறாள். அங்கிருந்தே மூஞ்சியைச் சுளிப்பாள்.

குளுகோரில் எங்கள் அடுக்குமாடியில் அவளுக்குப் பெயர் அரபி. சின்னப் பிள்ளைகளுக்கு அரபி அக்கா. அரபு நாட்டுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மகள், திருநீறு வைக்காமல் படி இறங்கமாட்டாள். பெயர் வந்தது படிப்பால். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கணக்கியல், வணிகம், பொருளாதாரம் என்று வரிசையாக நிரப்பிவிட்டு, கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இல்லையே என்று ‘அரபு மொழியும் இஸ்லாமியப் பண்பாடும்’ என்று போட்டாள். கிடைத்தது அதுதான்.

அவள் வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருந்தது. “மேல்முறையீடு போடுடி, அரபி படிச்சிட்டு என்ன பண்ணப் போற? பேரீச்சம்பழம் விக்கப் போறியா?” என்று அவள் அம்மா கத்தியது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. ஒரு வாரம் போய்ப் பார்க்கிறேன் என்று போனவள், முதல் நாளே முகமெல்லாம் பல்லாக வந்தாள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவள் இடதுகைக்காரி. பள்ளிக்கூடம் முழுக்க எழுதினதையெல்லாம் தன் கையாலேயே துடைத்துக்கொண்டு போய், மை அப்பிய கையோடு திட்டு வாங்கியவள். அரபியோ வலமிருந்து இடம் போகிற எழுத்து. “பாருடி, கை சுத்தமா இருக்கு!” என்று என் முகத்துக்கு நேரே உள்ளங்கையை நீட்டினாள். ஒரு மனுஷி தன் வாழ்க்கையை இப்படியும் முடிவு செய்வாளா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் மேல்முறையீடு போடவே இல்லை.

இரண்டாம் வருடத்தில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. நபிமொழிகளைப் பற்றிய பாடம் ஒன்று வந்தது. ஒரு செய்தியை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் அந்தக் காலத்து அறிஞர்கள் அதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவருக்கு யார் என்று ஆள் ஆளாகப் பின்னோக்கிப் போவார்களாம். நடுவில் ஒருவர் ஞாபகமறதிக்காரர் என்றாலோ, இரண்டு பேர் நேரில் சந்தித்ததே இல்லை என்றாலோ செய்திக்கு மதிப்புக் குறைந்துவிடும். அறிவிப்பாளர் வரிசை என்று பெயர். அவள் சொல்லச் சொல்ல நானே வாயைப் பிளந்தேன். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை அவள் வகுப்பறையோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

எங்கள் அடுக்குமாடியில் வம்பு இல்லாமல் பொழுது போகாது. எனக்கும் வம்பு பிடிக்கும், ஒளிப்பானேன்? ஆனால் இவள் பக்கத்தில் இருந்தால் ஒரு வம்பையும் நிம்மதியாகப் பேச முடியாது. மூன்று கேள்வி வைத்திருந்தாள். “யார் சொன்னா? அவங்க நேர்ல பாத்தாங்களா? முழுசா சொன்னாங்களா?” ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விரலை மடக்குவாள், அதுவும் இடது கையில்.

ஒருமுறை சனிக்கிழமை தண்ணீர் நிற்கும் என்று பேச்சு வந்தது. எல்லாரும் வாளி வாளியாகப் பிடித்து வைத்தோம். அவள் மட்டும் தன் அம்மாவைப் பிடிக்க விடவில்லை.

“யார் சொன்னா?”

“லிஃப்ட்ல சொன்னாங்கடி.”

“லிஃப்ட்ல யாரு?”

“ஒரு நீலச் சட்டை.”

“நீலச் சட்டைக்கு யார் சொன்னா?”

சனிக்கிழமை காலையில் குழாய் காற்றுதான் விட்டது. துண்டும் சோப்புமாகக் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து குளித்தார்கள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, “செய்தி சரிதான். அறிவிச்ச ஆள்தான் பலவீனம்” என்றாள். “பலவீனமோ பலமோ, எங்க வாளியெல்லாம் காலியாயிடுச்சு லா” என்றாள் என் அம்மா.

இன்னொருமுறை என் அத்தை வந்திருந்தாள். அத்தையின் மாமியாரின் அப்பா ஆயர் ஈத்தாம் மலையில் புலியை நேருக்கு நேர் பார்த்த கதை எங்கள் குடும்பச் சொத்து. புலி இரண்டு அடி ஒதுங்கி நின்று அவருக்கு வழிவிடும் இடம் வந்தால் நாங்கள் எல்லாரும் கை தட்டுவோம். அன்றைக்கு இவள் விரலை மடக்கிவிட்டாள்.

“அவர நீங்க பாத்திருக்கீங்களா அத்தை?”

“நான் கல்யாணமாகி வரதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு.”

“அப்ப யார் சொன்னா?”

“எங்க மாமியார்.”

“புலியப் பாத்தப்போ அவங்களுக்கு என்ன வயசு?”

“அவங்க பொறக்கவே இல்ல.”

“அப்ப அவங்களுக்கு?”

“புலி வந்து சொல்லுச்சு. போதுமாடி?” என்று அத்தை எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அத்தை வருகிற நாளில் இவளை வீட்டுக்குள் விடாமல் பார்த்துக்கொள்வது என் வேலையானது.

அரபி படிக்கிறவள் சமயம் மாறாமல் இருப்பாளா என்று அவளைப் பற்றியே ஒரு பேச்சு கிளம்பியது உண்டு. கதவு கதவாகத் தட்டி, “உங்களுக்கு யார் சொன்னா?” என்று அவள் கேட்டுக்கொண்டே மாடி ஏறியதில் ஒரே நாளில் அடங்கிப்போனது. அப்புறம் அவளைப் பற்றிப் பேச யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்தப் பேச்சுதான் வேறு தலையைத் தேடிக்கொண்டு போயிற்று என்று நினைக்கிறேன். அது என் அண்ணன் தலை.

அண்ணனுக்கு அப்போது முப்பத்து மூன்று. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, வெள்ளிக்கிழமை ஓய்வு. எத்தனையோ இடம் பார்த்துத் தட்டிப்போய், கடைசியில் பட்டர்வொர்த்தில் ஒரு பெண் அமைந்தது. இரண்டு பேரும் ஒருமுறை உட்கார்ந்து பேசினார்கள். திரும்பி வந்தவன் கண்ணாடி முன்னால் நின்று தலைமுடியை இப்படியும் அப்படியும் வாரிக்கொண்டே இருந்தான். “இந்தப் பொண்ணு இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்மா” என்று அம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டான். அவன் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

நிச்சயத்துக்கு நாள் குறிக்கப் போகிற நேரத்தில் பெண் வீட்டிலிருந்து பேச்சே இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. கடைசியில் தரகர் அக்கா வந்து, தலையைக் குனிந்துகொண்டு போட்டு உடைத்தாள்.

“மாப்ள வாரா வாரம் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போறாராம். சமயம் மாறப் போறாராம். பொண்ணு வீட்டுல பயப்படுறாங்கம்மா.”

இந்த நாட்டில் அது விளையாட்டுப் பேச்சு இல்லை. யாரும் எந்தச் சமயத்துக்கும் போகலாம், அது அவரவர் மனசு. ஆனால் மாறினால் பெயர் மாறும், கல்யாணச் சட்டம் மாறும், நாளைக்குச் செத்தால் உடலை யார் எடுத்துப்போவது என்பதுகூட மாறும். பெண் கொடுக்கிறவர்கள் யோசிக்கத்தான் செய்வார்கள். என் அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அண்ணனைக் கேட்டோம். “சும்மா போவேன்மா” என்றான். அங்கே என்னடா செய்கிறாய் என்று கேட்டால் சுவரைப் பார்த்தான். அவன் சுவரைப் பார்க்கப் பார்க்க அம்மாவின் முகம் வெளிறிக்கொண்டே போனது.

பள்ளிவாசலுக்கு அவன் போனது உண்மைதான். கூட்டிக்கொண்டு போனது நம் அரபி. ஊருக்குள் ஒரு பழைய பள்ளிவாசல் வளாகத்து அறையில் வயதான தமிழ் முஸ்லிம் பெண்கள் வெள்ளிக்கிழமை மதியம் கூடுவார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதிய பழைய புத்தகங்கள் அவர்களிடம் இருந்தன. இவள் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசிப்பாள், அவர்கள் அர்த்தம் சொல்லிக்கொடுப்பார்கள். அவளுடைய கடைசி வருட ஆய்வு அதுதான். சொந்தமாகக் காடி, அதாவது கார், வைத்திருப்பவன், வெள்ளிக்கிழமை சும்மா இருப்பவன், கூப்பிட்ட உடனே வருகிறவன் என் அண்ணன். அதிலும் பள்ளிவாசல் என்றால் முகம் மலர்ந்து வருவான். ஏன் மலர்ந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் அரபி எங்கள் வீட்டில் வந்து நின்றாள். “விடு, நான் கண்டுபிடிக்கிறேன். யார் ஆரம்பிச்சாங்களோ அவங்கள அந்த வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்துறேன்” என்றாள். கண்ணில் அப்படி ஒரு ஆசை. படித்த படிப்புக்கு இத்தனை நாள் கழித்து ஒரு வேலை வந்ததே என்கிற ஆசை. எனக்குக் கோபமாக வந்தது, ஆனாலும் கூடப் போனேன்.

தரகர் அக்காவுக்குச் சொன்னது லிட்டில் இந்தியா பூக்கடை அக்கா. அவளிடம் போனோம். “நானே கண்ணால பாத்தேன்லா. தொழுகை முடிஞ்சு கூட்டம் வெளிய வருது, உங்கண்ணனும் அந்தக் கூட்டத்தோட கூட்டமா வேகமா போறாரு” என்றாள். அரபி அசரவில்லை. “அதுக்கு முன்னாடியே உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கணுமே? இல்லன்னா கூட்டத்துல அவர மட்டும் எப்படிக் கவனிச்சீங்க?” என்றாள். ஆமாம், எங்கள் கீழ்மாடித் தையல்கார அக்கா சொல்லியிருந்தாள். தையல்கார அக்காவிடம் வந்தோம். அவள் பல்லில் இருந்த நூலை எடுத்துவிட்டு அரபியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“எனக்கு உங்கம்மாதாம்மா சொன்னாங்க.”

அரபியின் நடை அப்போதுதான் கொஞ்சம் மெதுவானது. மாடி ஏறினோம். அவள் அம்மா கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, அண்ணன் பள்ளிவாசலுக்குப் போறாருன்னு தையல்காரக்காகிட்ட சொன்னியா?”

“ஆமா, சொன்னேன். கேஸ் தீந்துபோச்சு, தோங்கத் தூக்கி மாத்தணும், அந்தப் பையனக் கூப்பிடலாம்னு பாத்தா, வெள்ளிக்கிழமை ஆனா பள்ளிவாசலுக்குப் போயிடுறான்னேன்.”

“அது உனக்கு யார் சொன்னா?”

அவள் அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கினாள். “நீதான்டி சொன்ன! இதே எடத்துல நின்னுக்கிட்டு. ‘வெள்ளிக்கிழமை அண்ணன் பள்ளிவாசலுக்குப் போயிடுவாரும்மா, கேஸ் தூக்க வேற ஆளப் பாரு’ன்னு.”

அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. மடக்கிய விரல்கள் மடக்கியபடியே இருக்க, அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவள் கண் கலங்கியிருந்தது. “யாரும் பொய் சொல்லலடி. எல்லாரும் கேட்டத சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நான்தான் பாதி சொல்லிட்டேன். என்னைய கொண்டுபோய் விடுறதுக்குன்னு சொல்லல” என்றாள்.

மறுநாள் ஃபெரிப் படகில் ஏறி அக்கரையில் பட்டர்வொர்த்துக்குப் போனோம். சொன்னபடியே, ஆரம்பித்தவளைப் பெண் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். தன்னைத்தான். பெண்ணின் அப்பா மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், வெள்ளை மீசை, கறாரான ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சரிம்மா. நீ உள்ள படிக்கிற. அந்த நேரம் முழுக்க மாப்ள வெளிய என்ன பண்றாரு?”

“காடியில தூங்குவாரு அங்கிள்.”

“நீ பாத்தியா?”

அரபியின் விரல் தானாக மடங்கியது. “இல்ல” என்றாள். அப்புறம் எங்கிருந்து வந்ததோ, முகம் பளிச்சென்று ஆனது. “சரியான கேள்வி அங்கிள்! இதத்தான் நான் மொதல்ல கேட்டிருக்கணும்” என்று அவரைப் பாராட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் அவள் காலை மிதித்தேன். வருகிற வெள்ளிக்கிழமை அவரே வந்து மறைவாக நின்று பார்ப்பது, அண்ணனுக்குச் சொல்லக்கூடாது என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், அப்பா, அம்மா, பெண் மூன்று பேரும். அரபியும் வந்து கதவோரம் நின்றாள். எப்போதும் முதலில் வாயைத் திறப்பவள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பெண்ணின் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்.

“நானே நேர்ல பாத்துட்டேன். மாப்ள பள்ளிவாசலுக்குள்ள காலே வைக்கல. எதிர்க்கடையில டீ குடிச்சிட்டு இருந்தாரு. எங்களுக்குச் சம்மதம்.”

நான் கேசரி எடுக்க ஓடினேன். அண்ணன் முகத்தில் ஆயிரம் விளக்கு. என் அம்மா மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அரபியைப் பார்த்துக் கேட்டாள்.

“நீ பாத்தியாம்மா?”

அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அண்ணன், அரபியைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பெண்ணின் அப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“எனக்கு உண்மை தெரியணும்” என்றாள் அம்மா. “பொறந்ததுலேருந்து ஒரு கைக்குட்டை துவைக்காத பிள்ள. இப்ப வெள்ளிக்கிழமை ஆனா சட்டைய அவனே துவைச்சுக் காயப்போடுறான். நான் தொட்டா புடுங்கிக்கிறான். கேட்டா சுவத்தப் பாக்குறான். எம்பிள்ள என்னைய விட்டுட்டுப் போறானா? போறான்னா சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். தெரிஞ்சா போதும்.”

அத்தனை நாளும் அம்மா அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு சோறு பொங்கியிருக்கிறாள். எனக்கே தெரியவில்லை. கேசரித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அரபி அண்ணனைப் பார்த்தாள். என் அம்மாவைப் பார்த்தாள். “மன்னிச்சிடுங்க அண்ணே, பாதி சொல்லி ஒரு தடவ பட்டாச்சு” என்றாள். அப்புறம் என் அம்மாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“ஆன்ட்டி, அண்ணன் அங்க நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்குப் போறாரு. தொழுகை முடியுறவரைக்கும் கடை மூடியிருக்கும். தொறந்த உடனே மொத ஆளா நிக்கணும்னு கூட்டத்தோட ஓடுறாரு. கோழி, ஆட்டுக்கறி, மீன் சினை. அதுக்கு மேல எல்லாக் குழம்பையும் வெள்ளமா ஊத்திக்கிறாரு. சட்டையில படுறது அதுதான். போன வெள்ளிக்கிழமை பாதி வாசிப்புல எழுந்து போய் நான் கண்ணால பாத்தேன்.”

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை ஓடுகூடக் குப்பைக்கூடையில் கிடக்கக்கூடாது. சமயம் மாறுகிறான் என்று ஊர் பேசினாலும் பேசட்டும், வெள்ளிக்கிழமை கறி தின்றது அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று, இந்தத் தடிமாடு கல்யாணமே நின்றுபோகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான்.

“கறியா?” என்றாள் அம்மா.

“கறிதான் ஆன்ட்டி.”

“கறி மட்டும்தானா?”

“கறி மட்டும்தான். முழுசா சொல்லிட்டேன்.”

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எட்டி அண்ணன் கையில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, அதே கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நானும் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அம்மா தன் கணவரின் பக்கம் திரும்பினாள். அவர்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை சைவம்.

“ஏங்க, அவர் குடிச்ச டீ இதுதான்னா, நீங்க அங்க என்ன குடிச்சீங்க?”

“நானா? நான் டீதான்.”

எல்லாரும் அரபியைப் பார்த்தோம். அந்தக் கறாரான மனுஷன் கண்ணாலேயே அவளைக் கும்பிட்டார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

“அங்கிள் சாப்பிட்டத நான் பாக்கல ஆன்ட்டி” என்றாள். அவர் மூச்சு விட்டார். “நான் வந்தப்போ அவரு முன்னாடி இருந்த தட்டு காலியாத்தான் இருந்துச்சு.”

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். அண்ணனும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது. தேதியை மட்டும்தான் பெரியவர்கள் குறித்தார்கள்.

போன வருடம் அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது ஓமானுக்குச் செய்தி அனுப்பினேன். வாழ்த்து வரவில்லை. “யார் சொன்னா?” என்று வந்தது. “நானே கையில தூக்கி வச்சிருக்கேன்டி பைத்தியம்” என்று படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் போனில் கூப்பிட்டு, அரை மணி நேரம் அழுதுகொண்டே பேசினாள். அவள் இல்லாமல் இந்த அடுக்குமாடியில் வம்பு பேச நிம்மதியாகத்தான் இருக்கிறது. சுவைதான் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இப்போதும் அண்ணன் காடிச் சாவியை எடுப்பான். அடுப்படியில் சாம்பார் கிண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் அம்மா குரல் கொடுப்பாள்.

“போற எடத்துக்குப் போ. உன் மாமனாரையும் ஏத்திக்க. சட்டையில மட்டும் ஊத்திக்காதீங்க!”